மாதத்திற்கொரு மணி

தமிழில் ‘மணி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. கோயிலிலும் பள்ளியிலும் ஒலிப்பதும் மணி. கதிரில் விளைவதும் மணி. கண்ணின் பாவையும் மணி. சங்கப் பாடல்களில் ‘மணி’ என வரும் இடங்கள் பலவற்றில் உரையாசிரியர்கள் நீலமணி என்றே பொருள் கொள்வர். ஒரு சிறு சொல்லுக்குள் இத்தனை பொருளை அடக்கிய மக்கள், மணிகளைப் பற்றிய கதைகளையும் நிறையவே சேர்த்து வைத்திருப்பர் என எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வாறே சேர்த்தும் வைத்துள்ளனர். ஆயினும் நம் ஊர் நகைக்கடைச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் காணப்பெறும் ‘பிறந்த மாதக் கல்’ பட்டியல் தமிழர் தந்ததன்று. அரபியர் தந்ததும் அன்று. உண்மையில் அது நாம் கருதுமளவு பழையதும் அன்று. அது வந்த வழியையும், அதனுள் புகுந்த கதைகளையும், நம் முன்னோர் மணிகளை எவ்வாறு நோக்கினர் என்பதையும் ஈண்டுக் காண்போம்.

அப்பட்டியலை முதலில் கூறிவிடுவோம். ஜனவரியில் பிறந்தோர்க்கு மாதுளை முத்தின் நிறமுடைய கார்னெட், பிப்ரவரிக்குச் செவ்வந்திக்கல் எனப்படும் அமெதிஸ்ட், மார்ச்சுக்குக் கடல்நீர் நிறமுடைய அக்வாமரின், ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்திற்கு மரகதம், ஜூனுக்கு முத்து, ஜூலைக்கு மாணிக்கம், ஆகஸ்டுக்கு இளம்பச்சைப் பெரிடாட், செப்டம்பருக்கு நீலம், அக்டோபருக்கு வண்ணம் மாறி ஒளிரும் ஓபல், நவம்பருக்கு டோபாஸ், டிசம்பருக்குப் பிரோஸா. சில மாதங்களுக்கு மாற்றுக் கற்களும் உண்டு. கல்லுக்கொரு குணமும் சொல்வர். செவ்வந்திக்கல் மனத்தெளிவு தருமாம்; மரகதம் அன்பை நிலைநிறுத்துமாம்; மாணிக்கம் துணிவூட்டுமாம்.

இதனை நம் நாட்டு இராசிக்கல்லோடு ஒன்றாக்கிப் பேசுவோர் உளர். இரண்டும் வேறு வேறு. இராசிக்கல் மரபு ஒன்பது கோள்களை அடிப்படையாகக் கொண்டது. ஞாயிற்றுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புட்பராகம், வெள்ளிக்கு வைரம், சனிக்கு நீலம், இராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்பது அதன் முறை. மேலைநாட்டுப் பட்டியலோ பன்னிரு ஆங்கில மாதங்களைச் சார்ந்தது. ஒன்பதும் பன்னிரண்டும் எவ்வாறு கூட்டினும் பொருந்தா. செப்டம்பரில் பிறந்தவர்க்கு மாதக் கணக்கில் நீலம் உரியது. கோள் கணக்கிலோ அதே நீலம் அவருக்கு ஆகாது எனச் சொல்லப்படலாம். கடைக்காரர் இரண்டு பட்டியலையும் அருகருகே மாட்டி வைத்திருப்பார். எந்தக் கல் இருப்பில் உள்ளதோ அந்த மரபு அன்று மேலோங்கும்!

மாதக் கல்லின் வேரைத் தேடுவோர் விவிலியத்தின் யாத்திராகமம் வரை செல்வர். விவிலியத்தில் ஆரோன் என வழங்கப்பெறும் ஹாரூன் (அலை) அவர்கள் அணிந்த மார்ப்பதக்கத்தில், வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைகளில் பன்னிரு கற்கள் பதிக்கப்பெற்றிருந்தன என்றும், அவை இஸ்ரவேலரின் பன்னிரு குலங்களைக் குறித்தன என்றும் அந்நூல் கூறும். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், அப்பன்னிரு கற்களை ஆண்டின் பன்னிரு மாதங்களோடும் பன்னிரு இராசிகளோடும் பொருத்திக் காணலாம் என எழுதினார். பிற்காலத்துக் கிறித்தவ அறிஞர் ஜெரோமும் இவ்வகைப் பொருத்தத்தை எடுத்துரைத்தார். ஆனால், பிறந்த மாதத்துக்குரிய கல்லை மட்டும் ஒருவர் வாழ்நாளெல்லாம் அணிய வேண்டும் என்று இவர்கள் விதிக்கவில்லை. பன்னிரு கற்களையும் வைத்திருந்து மாதத்திற்கொன்றாக மாற்றி அணிவதே முற்பட்ட வழக்கமாக இருந்தது. ஒருவர்க்கு ஒரு கல் என்னும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் போலந்து நாட்டில் தோன்றியது என்பது, 1913-இல் மணிகளின் கதைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் பிரெடரிக் குன்ஸ் அவர்களின் கருத்து.

இன்று வழங்கும் பட்டியலோ 1912-இல் உருவாயிற்று. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் கூடிய நகை வணிகர் சங்கத்தினர், ஊருக்கொரு பட்டியல் இருந்தால் வணிகம் சிறவாது எனக் கண்டு, ஒரே பட்டியலை வகுத்துக்கொண்டனர். 1937-இல் பிரிட்டன் நாட்டுப் பொன்வணிகர் தமக்கென ஒன்று வகுத்தனர். 1952-இல் அமெரிக்கப் பட்டியல் திருத்தப்பெற்று, ஜூனுக்கு அலெக்சாண்டிரைட்டும் நவம்பருக்குச் சிட்ரினும் சேர்ந்தன. டிசம்பரில் லாஜவர்த் கல் விலக, சிர்க்கான் புகுந்தது. 2002-இல் டிசம்பருக்கு டான்சனைட் சேர்க்கப்பட்டது. இக்கல் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் கண்டெடுக்கப்பட்டதே 1967-இல்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு உலகம் அறிந்திராத ஒரு கல், ‘தொன்றுதொட்டு வரும்’ பிறப்புக்கல் ஆகிவிட்டது! 2016-இல் ஆகஸ்டு மாதத்திற்கு ஸ்பினெல் என்னும் கல்லும் கூட்டப்பெற்றது. சங்கம் கூடித் தீர்மானம் நிறைவேற்றினால் ஒருவருடைய பிறப்புக்கல் மாறிவிடும் என்றால், அக்கல்லுக்கும் அவர் பிறப்புக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை மாணவர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

பட்டியல் பழையதன்று எனினும், கற்களின் பெயர்களாவது பழையன அல்லவா எனின், பெயர்கள் பழையனவே. அவை சுட்டும் பொருள்கள் மாறிவிட்டன. கிரேக்கரும் உரோமரும் ‘சபீரோஸ்’ என்றது இன்றைய நீலக்கல்லை அன்று. பொற்றுகள் தெளித்தாற்போன்ற நீலக்கல் அது என அவர்கள் வருணிப்பதால், ஆப்கானிய நாட்டுப் பதக்ஷானில் கிடைக்கும் லாஜவர்த் கல்லே அது என அறிஞர் முடிவு செய்துள்ளனர். உரோமர் ‘டோபாஸ்’ என்றது இன்றைய பெரிடாட் கல்லை. அது செங்கடலில் எகிப்துக் கரையை அடுத்த ஒரு தீவில் வெட்டியெடுக்கப்பட்டது. அத்தீவிற்கு அரபு மொழியில் இன்றும் ‘ஸபர்கத்’ என்பதே பெயர். பெரிடாட் கல்லை அரபியர் வழங்கும் ‘ஸபர்ஜத்’ என்னும் பெயரே அது. ஆகவே ஆகஸ்டுக் கல்லும் நவம்பர்க் கல்லும் பெயரளவில் இடம் மாறி நிற்கின்றன.

சிவந்த கற்களின் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்து அரசரின் மணிமுடியின் முகப்பில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ எனப் புகழ்பெற்ற பெரிய சிவப்புக் கல் ஒன்று உள்ளது. ஸ்பெயினின் கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் மன்னர் ஒருவரைக் கொன்று, காஸ்டீல் நாட்டு மன்னன் பேத்ரோ கவர்ந்த கல் அது என்பதும், 1367-இல் அது ஆங்கிலேய இளவரசர் கைக்கு வந்தது என்பதும் மரபுவழிச் செய்தி. அத்துணைப் பெருமை வாய்ந்த அக்கல் மாணிக்கமே அன்று, ஸ்பினெல்! மேலைநாட்டார் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிந்தது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆனால் 11-ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி, ‘யாகூத்’ என்னும் மாணிக்கம் வேறு, பதக்ஷானிலிருந்து வரும் ‘லஅல்’ வேறு எனப் பிரித்துப் பேசியுள்ளார்.

இனிக் கதைகளுக்கு வருவோம். ‘அமெதிஸ்ட்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘மயங்காதது’ என்பது பொருள். இக்கல்லாலான கிண்ணத்தில் பருகினால் மது மயக்காது என அக்காலத்தார் நம்பினர். மதுத் தேவன் சினத்திற்குத் தப்ப ஒரு நங்கை கல்லானாள் என்றும், அவன் வருந்தி ஊற்றிய திராட்சை இரசத்தால் அக்கல் ஊதா நிறம் பெற்றது என்றும் ஒரு கதை பலராலும் கிரேக்கப் புராணமாக எடுத்துக்காட்டப்படுகிறது. அது கிரேக்கப் புராணம் அன்று. 1576-இல் பிரெஞ்சுக் கவிஞர் ரெமி பெல்லோ புனைந்த கற்பனை. கவிஞர் புனைந்ததைப் பின்வந்தோர் தொன்மமாக்கிவிட்டனர். இத்தகைய நிகழ்ச்சி தமிழிலக்கிய மாணவர்க்குப் புதிதன்று. நம் புலவர்கள் பெயரால் வழங்கும் தனிப்பாடற் கதைகள் எத்தனை!

ஓபல் கல்லின் மீது வீழ்ந்த பழியும் ஒரு நூலால் வந்ததே. 1829-இல் சர் வால்டர் ஸ்காட் எழுதிய புதினத்தில், ஒரு பெண் அணிந்த ஓபல் மீது தீர்த்தத்துளி பட்டதும் கல் ஒளி இழக்கிறது. அவளும் விரைவில் மறைகிறாள். அதனைப் படித்தோர் ஓபலை அணிய அஞ்சினர் என்பர். விக்டோரியா அரசியார் அக்கல்லை விரும்பி அணிந்தும் தம் மகளிர்க்கு வழங்கியும் வந்த பின்னரே அச்சம் ஓரளவு தணிந்தது. இக்கதையின் அடியில் ஓர் உண்மை மறைந்துள்ளது. ஓபல் தன்னுள் நீரை உடையது, உலர்ந்தால் வெடிக்கும், ஒளி மங்கும். பிரோஸா பற்றியும் இவ்வாறே ஒரு நம்பிக்கை உண்டு. அணிந்தவர் நோயுற்றால் அதன் நிறம் மாறும் என்பர். நுண்துளைகள் நிறைந்த அக்கல் வியர்வையையும் எண்ணெயையும் உறிஞ்சிப் பச்சை பாய்வது அறிவியல் கண்ட உண்மை. நோயாளி வியர்ப்பான், நிறமும் மாறும். நம்பியவர் கண்டது பொய்யன்று. அவர் காட்டிய காரணமே பொருந்தாதது.

மரகதத்தைக் கண்ட பாம்பின் கண்கள் உருகிவிடும் என்பது அரபு, பாரசீக நாடுகளெங்கும் பரவியிருந்த நம்பிக்கை. புலவர் பலர் இதனை உவமையாகவே ஆண்டனர். இதனை நம்பாமலும் இகழாமலும் சோதித்துப் பார்த்தவர் அல்பிரூனி. குவாரிஸ்மில் 973-இல் பிறந்த இப்பேரறிஞர், இந்தியா பற்றிய நூலால் நமக்கு நன்கு அறிமுகமானவர். முதுமையில், கஸ்னியை ஆண்ட சுல்தான் மவ்தூதுக்காக ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் மணிநூலை எழுதினார். பாம்பிற்கு மரகத மாலை சூட்டியும், அது கிடந்த கூடையில் மரகதங்களைப் பரப்பியும், அதன் கண்முன் மரகதச் சரத்தை அசைத்தும், வெயிற்காலம் குளிர்காலம் எனப் பாராது ஒன்பது மாதங்கள் சோதித்ததாக அவர் அந்நூலில் கூறுகிறார். மரகதத்தை அரைத்து அதன் கண்ணில் மையாகத் தீட்டவில்லை. அது ஒன்றுதான் குறை. பாம்பின் பார்வை மங்கவே இல்லை. கூர்மையடையாமல் இருந்திருந்தால் என்று நகைச்சுவையோடு அப்பகுதியை அவர் முடிக்கிறார். மணிகளை நீரிலிட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, ஒவ்வொன்றின் அடர்த்தியையும் அளந்தவரும் அவரே. இன்றைய பரிசோதனைக் கூடங்களிலும் அடர்த்தி காண்பது மணிச்சோதனை முறைகளுள் ஒன்றாக உள்ளது.

நம் தமிழ் மரபிலும் இச்சோதனை நோக்கே மேலோங்கி நிற்பதைச் சிலப்பதிகாரம் காட்டும். ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியைக் காண்கிறான். ஒன்பது வகை மணிகளும் அங்கே பேசப்படுகின்றன. இளங்கோவடிகள் எதனைக் கூறுகிறார்? வைரத்திற்குரிய குற்றங்கள், மாணிக்கத்தின் வகைகள், நிறம், ஒளி ஆகியவற்றைக் கூறுகிறார். எந்த மாதத்தில் பிறந்தவர் எதனை அணிய வேண்டும் என அவ்வீதியில் எவரும் கூவி விற்கவில்லை. காப்பியத்தின் வழக்கே மணிச்சோதனையில் தீர்வது நாம் அறிந்ததே. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியது கோவலன் இறந்த பிறகு.

கொங்குநாடு மணிகளுக்குப் பெயர் பெற்றது. பதிற்றுப்பத்தில் அணிகலனுக்குப் புகழ்பெற்ற கொடுமணம் சுட்டப்படுகிறது. அதுவே இன்றைய கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் நீலம், பெரில், செவ்வந்திக்கல், சூதுபவளம் முதலிய கற்களும், மணி செய்த பட்டறைகளின் தடயங்களும் வெளிப்பட்டன. காங்கயத்தை அடுத்த படியூரில் கடல்நிறப் பெரில் கிடைத்தது. அதுவே மார்ச்சு மாதத்து அக்வாமரின். ‘பெரில்’ என்னும் சொல், ‘வேளுரிய’ என்னும் பிராகிருதத்தின் வழியே கிரேக்கம் சென்றது; அதன் அடியில் இருப்பது தென்னாட்டு ஊர்ப்பெயர் ஒன்று எனச் சொல்லாய்வாளர் சிலர் கருதுவர். ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியை ‘பிரில்லெ’ என்பதும் இச்சொல்லின் வழிவந்ததே. ‘வேளுரிய’ வடமொழியில் வைடூரியமாகி நம்மிடம் திரும்பியபோது, அது பூனைக்கண் கல்லைக் குறிப்பதாயிற்று. மற்றொரு சொல்லோ முற்றிலும் நம்முடையது. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அக்கனிமத்தை உலக அறிவியல் ‘கொரண்டம்’ என்கிறது. அது நம் ‘குருந்தம்’. சாணை பிடிப்போர் இன்றும் குருந்தக்கல் என்றே கூறுகின்றனர். கோளாலும் மாதத்தாலும் எதிரெதிராக நிறுத்தப்பெற்ற இரு கற்கள் சாணைக்காரர் சொல்லில் ஒரே கல்லாகி நிற்கின்றன.

ஜூன் மாதத்து முத்தைப் பற்றி நம் கடற்கரையோர்க்கு யாம் சொல்ல வேண்டியதில்லை. சுவாதி நாளில் வீழும் மழைத்துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்க, அது முத்தாகும் என்ற நம்பிக்கை கீழ்த்திசை எங்கும் உண்டு. சிப்பிக்குள் புகுந்த உறுத்தும் பொருளின் மீது அது சுரக்கும் நீர்மம் அடுக்கடுக்காகப் படிவதே முத்து. கொற்கை, காயல், கீழக்கரை ஆகிய துறைகள் முத்தால் வாழ்ந்தன. மன்னார் வளைகுடாவின் நம் கரையில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்தது. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். எதிர்க்கரையான இலங்கையை அரபியர் ‘ஜஸீரத்துல் யாகூத்’, மாணிக்கத் தீவு என்றனர். 1344-இல் அங்குச் சென்ற இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவுள்ள மாணிக்கக் கிண்ணத்தைக் கண்டதாக எழுதியுள்ளார். அது யாகூத்தா, லஅலா என்று பார்க்க அல்பிரூனி உடனில்லை!

முஸ்லிம் குடும்பங்களில் யாகூத், மர்ஜான், பிரோஸா என மணிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுகிறோம். முத்தும் பவளமும் திருக்குர்ஆனில் இறைவனின் அருட்கொடைகளாகக் குறிப்பிடப்படுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மடல்களில் முத்திரையிடும் பொருட்டு வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். எனவே அணிவதில் ஆடவர்க்கும் தடையில்லை. பொன் மட்டுமே அவர்க்கு விலக்கு. ஆனால் அகீக் கல் மோதிரம் வறுமையை நீக்கும் என்பது போன்ற செய்திகளை ஹதீஸ் கலை அறிஞர்கள் வலுவற்றன என ஒதுக்கியுள்ளனர். கஅபாவின் கறுப்புக் கல்லையே நோக்கி, நீ நன்மையும் தீமையும் செய்ய இயலாத ஒரு கல் என்பதை அறிவேன் என்ற கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இதனை நன்கறிந்த இல்லங்களிலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு கல் விரலில் ஏறிவிடுவதை யாம் கண்டதுண்டு.

இந்த ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் சிறிய மளிகைக் கடை நடத்தி வந்தார். வணிகம் நொடித்த வேளையில், நீலம் அணிந்தால் நிலை மாறும் என ஒரு கடையில் கூறினர். மூன்று இரவுகள் தலையணைக்கடியில் வைத்துக் கெட்ட கனவு வருகிறதா என்று பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினர். கனவு வரவில்லை. மனைவியின் கைவளையலை அடகு வைத்துக் கல்லை வாங்கினார். ஓராண்டு கழித்துக் கடன் தீர்க்க அதனை விற்கச் சென்றபோது, சோதித்தவர்கள் அது உலையில் செய்த செயற்கை நீலம் என்றனர். விற்ற கடையோ இரசீதில் ‘நீலக்கல்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. அவ்வாண்டு அம்மாணவரின் தேர்வுக் கட்டணத்தைத் துறையாசிரியர் யாம் சேர்ந்து செலுத்தினோம். அவர் தேறினார். வளையல் மீளவில்லை.

செயற்கைக் கல் கண்ணாடி அன்று என்பதை ஈண்டுக் கூற வேண்டும். 1902-இல் பிரெஞ்சு வேதியியலார் வெர்னூயி, அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டார். அவ்வாறு விளைவதும் குருந்தமே. நிறம், கடினம், அடர்த்தி யாவும் இயற்கைக் கல்லுக்கு உள்ளனவே. உருப்பெருக்கியில் நோக்கினால் வளர்ச்சிக் கோடுகள் இயற்கைக் கல்லில் நேராகவும் இதில் வளைந்தும் தோன்றும். அவ்வளவே வேறுபாடு, ஆனால் விலையில் உள்ள வேறுபாடு மலையளவு. இயற்கைக் கல்லிலும் வினைப்பாடு உண்டு. இலங்கையில் ‘கெவுடா’ எனப்படும் பால்நிறக் குருந்தத்தை மிகுவெப்பத்தில் சுட்டு நீலமாக்குகின்றனர். இதுவும் குற்றமன்று, சொல்லாமல் விற்பதே குற்றம். கல் வாங்குவோர் ‘இது எனக்குப் பொருந்துமா?’ எனக் கேட்கின்றனர். இயற்கையா செயற்கையா, சுட்டதா சுடாததா, பரிசோதனைக் கூடச் சான்று உண்டா, இம்மூன்றையும் இரசீதில் எழுதித் தருவீர்களா எனக் கேட்போர் அரியர்.

இச்செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை வட்டாரங்களில் குடிசைத் தொழிலாகப் பரவி, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. சமயவேறுபாடின்றி ஆடவரும் மகளிரும் திண்ணைகளில் அமர்ந்து தீட்டினர். இன்று அத்தொழில் பெரிதும் சுருங்கிவிட்டது. கல்லின் குறைகளுக்கும் பட்டையின் வகைகளுக்கும் சாணையின் உறுப்புகளுக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் பல அகராதிகளில் ஏறவில்லை. அவ்வூர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து அச்சொற்களைக் கேட்டு எழுதி வருவாராயின், அடுத்த ஆண்டு மலரில் அவற்றை வெளியிடத் துறை ஆயத்தமாக உள்ளது.